20க்கு 60 மைதானத்தில் எழுத்துப் பலகைகள்: எங்கள் இடத்தில் வட்டம் சரி, போட்டியில் முட்டை. ஏன்?

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் நானும் வீட்டுக்காரரும் சின்னதா ஒரு குதிரைச் சவாரிப் பள்ளி நடத்துறோம். ஏழு குதிரை, பதினாலு பிள்ளைங்க. போன மாசம் முதல் தடவையா மூணு பிள்ளைங்களை பெங்களூர்ல ஒரு டிரெஸ்ஸாஜ் போட்டிக்கு (குறிச்ச அசைவுகளைக் குதிரை எவ்வளவு சுத்தமாச் செய்யுதுன்னு மார்க் போடுற போட்டி) கூட்டிட்டுப் போனோம். மைதானம் 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். எதை எங்கே செய்யணும்னு காட்ட வேலியைச் சுத்தி எழுத்துப் பலகை இருக்கும். நுழையுற குட்டைப் பக்கத்து நடுவுல ஏ, எதிர்ல சி, ரெண்டையும் சேர்க்குறது நடுக்கோடு.

மார்க் ஷீட்டைக் கையில வாங்கினதும் மனசு விட்டுப்போச்சு. மூணு பேருக்கும் அடி விழுந்தது ஒரே இடத்துல. பாம்பே-பியில ஆரம்பிக்கிற 20 மீட்டர் வட்டத்துக்கு பத்துக்கு 4, 4.5, 4. "வட்டம் அல்ல, நீள்வட்டம்"னு குறிப்பு. அடுத்து கே-எக்ஸ்-எம் குறுக்குக் கோட்டுல டிராட்டை, அதாவது மெல்லோட்டத்தை, காலடி பெருசாக்கி நீட்டுற இடம். "பாதியிலேயே விட்டுவிட்டார்"னு ரெண்டு பேருக்கு எழுதியிருந்தாங்க. (B, P ரெண்டும் தமிழ்ல பிதானே, அதனால ஃபோன்ல சொல்ற மாதிரியே பாம்பே-பி, பேப்பர்-பின்னு எழுதுறேன்.)

பிள்ளைங்க ஆறு மாசம் வெயில்ல உழைச்சாங்க. வீட்டு மைதானத்துல அந்த வட்டத்தை நானே டேப் பிடிச்சு அளந்து பார்த்திருக்கேன், சரியா 20 மீட்டர். அங்கே போனதும் மூணு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணினா, தப்பு பிள்ளைங்க கிட்ட இல்லைன்னு தோணுது. எங்கே இடிக்குதுன்னு யாராவது சொல்லுங்க.

நடுவர்_பெட்டி | திங்கள், இரவு 9:40

நான் போட்டிகள்ல நடுவர் பக்கத்துல உட்கார்ந்து அவங்க சொல்லச் சொல்ல மார்க் எழுதுறவள். நீங்க நினைக்கிறது சரியா இருக்கலாம் அக்கா. மூணு பேரும் ஒரே தப்பைப் பண்ணினா அது சொல்லிக்குடுத்த தப்பு, இல்லேன்னா மைதானத்துத் தப்பு.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த வட்டத்துக்கு எந்த அடையாளத்தைத் தொடணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?

தென்னந்தோப்பு | திங்கள், இரவு 9:51

பாம்பே-பியில கிளம்பி நடுக்கோட்டை எஸ்-ஆர் கோடு வெட்டுற இடத்துல கடக்கணும், எதிர்ப்பக்கம் ஈயைத் தொடணும், திரும்பி வி-பேப்பர்-பி கோடு வெட்டுற இடத்துல நடுக்கோட்டைக் கடந்து பாம்பே-பிக்கே வரணும். அதாவது ஐ, எல் ரெண்டு புள்ளியும் வட்டத்து மேல இருக்கணும்.

பலகை நட்டது எங்க வீட்டுக்காரர். 60 மீட்டரை ஆறாப் பிரிச்சு 10 மீட்டருக்கு ஒண்ணு. கே 10ல, வி 20ல, ஈ 30ல, எஸ் 40ல, எச் 50ல. எதிர்ப்பக்கமும் அதே கணக்குதான்.

பழைய_சவாரி | செவ்வாய், காலை 5:20

அம்மா, விஷயம் அங்கேதான் இருக்கு. நான் ராணுவத்துல குதிரைப் பிரிவுல 22 வருஷம் சவாரி சொல்லிக்குடுத்தவன். இந்தத் தப்பை நிறைய இடத்துல பார்த்தாச்சு. எழுத்துங்க சம தூரத்துல வராது.

20க்கு 60 மைதானத்துல மூலையிலிருந்து முதல் எழுத்து 6 மீட்டர். அப்புறம் 12, 12, 12, 12. கடைசி எழுத்துலேருந்து அடுத்த மூலைக்கு 6. கூட்டினா 60. ஆக கே 6ல, வி 18ல, ஈ 30ல, எஸ் 42ல, எச் 54ல நிக்கணும். ஏ வழியா உள்ளே வந்து சியைப் பார்த்து நின்னா இதெல்லாம் இடது கைப்பக்கம். வலது கைப்பக்கம் அதே தூரத்துல எஃப், பேப்பர்-பி, பாம்பே-பி, ஆர், எம். நடுக்கோட்டுல பலகை கிடையாது. டி 6ல, எல் 18ல, எக்ஸ் 30ல, ஐ 42ல, ஜி 54ல இருக்குறதா கணக்கு. ரெண்டு பக்கத்துப் பலகையையும் கண்ணால கோடு போட்டுத்தான் அதைப் பிடிக்கணும்.

இப்ப உங்க பிள்ளைங்க அங்கே என்ன செஞ்சிருப்பாங்கன்னு பாருங்க. உங்க இடத்துல எல் 20ல, ஐ 40ல. அந்த ரெண்டையும் தொட்டுப் போட்ட வட்டம் நிஜமாவே 20 மீட்டர். போட்டி மைதானத்துல எல் 18ல, ஐ 42ல. அதே ரெண்டு புள்ளியைத் தேடிப் போனா நீளவாட்டுல 24 மீட்டர், குறுக்கே 20 மீட்டர். முட்டைதானே வரும்? பிள்ளைங்க நீங்க சொன்னதை ஒரு மில்லிமீட்டர் பிசகாம செஞ்சிருக்காங்க. அவங்களைத் திட்டாதீங்க.

பாம்பே-பி வட்டத்துக்குச் சரியான இடம் இதுதான்: நடுக்கோட்டைக் கடக்குறப்ப எல்லுக்கும் ஐக்கும் 2 மீட்டர் உள்ளே, எக்ஸ் பக்கமா இருக்கணும். ஏ-யில போடுற 20 மீட்டர் வட்டம் இதுக்கு நேர் எதிர். அது எல் புள்ளியைத் தாண்டி 2 மீட்டர் வெளியே போகணும். எல் புள்ளியைத் தொட்டுத் திரும்பினா அந்த வட்டம் 18 மீட்டராச் சுருங்கிடும். இன்னொண்ணு, ஏ வட்டம் பக்கவாட்டு வேலியைத் தொடுறது கேயில இல்லை. மூலையிலிருந்து 10 மீட்டர், அதாவது கே தாண்டி 4 மீட்டர். கேயைத் தொடச் சொன்னா குதிரை மூலைக்குள்ளே போய் மாட்டிக்கும், வட்டம் சதுரமாயிடும்.

தென்னந்தோப்பு | செவ்வாய், காலை 6:05

ஐயா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். நேத்து சாயந்திரம்கூட ஒரு பொண்ணுகிட்ட "போட்டியில வட்டத்தை ஏன் முட்டையாக்கினே"ன்னு கேட்டேன். அவ நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கா போல.

அந்த டிராட் நீட்டலும் இதே காரணம்தானா?

பழைய_சவாரி | செவ்வாய், காலை 6:30

அதேதான். கேயிலிருந்து எம்முக்கு உங்க இடத்துல நீளவாட்டு 40, குறுக்கே 20. குறுக்குக் கோட்டோட நீளம் 44.7 மீட்டர். சரியான மைதானத்துல நீளவாட்டு 48, குறுக்கே 20. குறுக்குக் கோட்டோட நீளம் 52. ஏழு மீட்டருக்கு மேல வித்தியாசம். குதிரை இத்தனை காலடி நீட்டினதும் சுருக்கணும்னு ஆறு மாசம் பழகிப்போச்சு. பிள்ளை விட்டாலும் குதிரை விடாது. உடம்பு அப்படிப் பழகிடும்.

மதுரைமல்லி | செவ்வாய், மதியம் 1:15

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல நம்ம டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் ஜெயிச்சதைப் பார்த்துதான் எனக்கு இதுல ஆசையே வந்தது. சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா நாலு பேரும் மேடையில நின்னப்போ அழுதுட்டேன். 41 வருஷத்துக்கப்புறம் குதிரையேற்றத்துல தங்கம்! அனுஷ் தனிநபர்ல வெண்கலமும் வாங்கினார்.

என் சந்தேகம் இதுதான். ஏ, பி, சின்னு வரிசையா வைக்காம ஏ-க்கு அப்புறம் கே, வி, ஈன்னு ஏன் கலைச்சுப் போட்டிருக்காங்க? மனப்பாடம் பண்ண முடியலை.

ரைன்கரை | செவ்வாய், இரவு 11:48

ஜெர்மனியில இருந்து எழுதுறேன். பொண்ணு இங்க ஊர்ச் சவாரி சங்கத்துல போறா. நானும் வாரக்கடைசியில பலகை தூக்குற ஆள். இங்க இந்த மைதானத்தை 'ஃபியர்எக்'னு சொல்றாங்க, நாற்கோணம்னு அர்த்தம்.

மல்லி, நீங்க கேட்ட கேள்வியை இங்க வயசான பயிற்சியாளர்கள் கிட்டயும் கேட்டிருக்கேன். எல்லாரும் ஒரு கதை சொல்வாங்க. அந்தக் காலத்து அரண்மனை முற்றத்துல யாருடைய குதிரையை எந்தச் சுவர் ஓரம் நிறுத்தணும்னு சுவர்ல முதலெழுத்து போட்டிருந்தாங்களாம். கே கைசர்ங்கிற பேரரசருக்கு, எஃப் ஃபூர்ஸ்ட்ங்கிற சிற்றரசருக்கு, ஆர் ரிட்டர்ங்கிற வீரருக்கு, வி வசால்ங்கிற, அரசருக்குக் கட்டுப்பட்ட பிரபுவுக்கு, ஏ 'ஆவுஸ்காங்'கிற வெளிவாசலுக்கு. கேக்க அழகா இருக்கும். ஆனா இதுக்கு ஆதாரமா ஒரு பழைய ஆவணத்தையும் யாரும் காட்டலை. கதையாவே வச்சுக்கங்க, வரலாறுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிடாதீங்க.

கண்ணால பார்த்த ஒண்ணைச் சொல்றேன். வியன்னாவுல ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி மண்டபத்துக்குப் போயிருந்தோம். 1735ல கட்டி முடிச்சது. மேல சரவிளக்கு, கீழ லிப்பிட்சானர் குதிரைகள், மண்ணுல குளம்பு விழுற சத்தம்கூட மெத்துனு கேக்கும். அந்த மண்டபத்து நீளம் 55 மீட்டர், அகலம் 18. அதாவது இந்தக் கலையோட தாய்வீடுன்னு எல்லாரும் சொல்ற இடத்துலயே இன்னைய 20க்கு 60 அடங்காது! 20க்கு 60ங்கிறது போட்டிக்காக வந்த அளவு. டிரெஸ்ஸாஜ் ஒலிம்பிக்ல நுழைஞ்சது 1912ல, ஸ்டாக்ஹோம்ல. சர்வதேசக் குதிரையேற்ற சம்மேளனம் 1921ல வந்தது. நாட்டுக்கு நாடு ஒரே அளவு, ஒரே அடையாளம் வேணும்னா யாராவது ஒரு அளவை நிர்ணயம் பண்ணித்தானே ஆகணும்.

தென்னந்தோப்பு | புதன், காலை 5:55

மல்லி, மனப்பாடத்துக்கு எங்க பிள்ளைங்க ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க. 20க்கு 40 சின்ன மைதானத்துல இருக்குற எட்டு எழுத்துக்கு: "ஆச்சி காலையில எழுந்து ஹரிணி சித்திக்கு மல்லிப்பூ பந்து ஃபிரிட்ஜில வச்சா." ஏ, கே, ஈ, எச், சி, எம், பாம்பே-பி, எஃப். ஏ-யில நுழைஞ்சு இடது கைப்பக்கமாச் சுத்தி வந்தா இதுதான் வரிசை. பெரிய மைதானத்துல இந்த எட்டுக்கு நடுவுல வி, எஸ், ஆர், பேப்பர்-பி நாலும் செருகிக்கும், அவ்வளவுதான்.

கொத்தனார்_மகன் | புதன், காலை 8:30

குதிரையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, மைத்துனர் இந்த இழையை அனுப்பினார். ஆனா கோடு போடுறது என் தொழில். அப்பா கொத்தனார், நான் கட்டட வேலை எடுத்துச் செய்றேன்.

அக்கா, பலகையை மாத்துறதுக்கு முன்னாடி செவ்வகமே செவ்வகமா இருக்கான்னு பாருங்க. நாலு பக்கம் 20, 60, 20, 60 இருந்தா மட்டும் போதாது. ஒரு பக்கம் நழுவினா இணைகரமாச் சாய்ஞ்சு நிக்கும், பக்க அளவு எல்லாம் சரியாவே காட்டும். ரெண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. ரெண்டும் 63.25 மீட்டர் வரணும். 20க்கு 40 மைதானம்னா 44.72.

புதுசாப் போடுறதா இருந்தா மூலைமட்டத்தை நம்பாதீங்க. இரண்டடி மட்டத்துல ஒரு நூல் அளவு தப்பினா 60 மீட்டர் தள்ளிப் போறப்ப அது எங்கேயோ போயிடும். 3-4-5 கணக்கைப் பெருசாப் போடுங்க. முதல்ல ஏ இருக்குற குட்டைப் பக்கத்துல 20 மீட்டருக்கு ரெண்டு முளை அடிச்சுக்கங்க. ஒரு மூலை முளையிலிருந்து நீளப் பக்கமா உத்தேசமா 15 மீட்டர்ல ஒரு ஆளை நிறுத்துங்க. இன்னொரு மூலையிலிருந்து அவர் கைக்கு 25 மீட்டர் வரணும். ரெண்டு டேப்பும் சேருற புள்ளியில முளை அடிங்க. 15, 20, 25. மூலை கத்தி மாதிரி நிக்கும். அந்த முளை வழியா நூலை 60 வரைக்கும் இழுத்துட்டுப் போங்க.

டேப் இரும்பு டேப்பா இருக்கட்டும். நைலான் கயித்துல முடிச்சுப் போட்டு அளக்காதீங்க, இழுத்தா நீளும். தூரத்தை எப்பவும் ஒரே மூலையிலிருந்து 6, 18, 30, 42, 54னு ஓட்டமா அளங்க. 12, 12னு தூக்கித் தூக்கி வச்சா ஒவ்வொரு தடவையும் தப்பு சேர்ந்துட்டே போகும்.

ஐயா சொன்ன 52ஐப் பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு. 20, 48, 52. நாலால வகுத்தா 5, 12, 13. தசமமே இல்லாத முக்கோணம்! அதனால பலகை நட்ட பிறகு கேயிலிருந்து எம்முக்கும், எஃப்பிலிருந்து எச்சுக்கும் டேப் பிடிங்க. ரெண்டும் சரியா 52 வந்துட்டா மூலையும் சரி, அந்த நாலு எழுத்தும் சரி. ஒரே அளவுல ரெண்டையும் சோதிச்சுடலாம்.

பழைய_சவாரி | புதன், காலை 9:10

தம்பி, 22 வருஷத்துல இது எனக்குத் தோணலை. 52ஐக் காலடியிலதான் எண்ணியிருக்கேன். நோட்டுல எழுதி வச்சுக்கிட்டேன்.

குளம்படி | புதன், மாலை 6:25

ஆரம்பநிலைப் பிள்ளைங்களுக்கு 60 எதுக்கு? இடமும் மணல் செலவும் பார்த்தா 20க்கு 40 தாராளம். நிறைய ஆரம்ப டெஸ்ட்டுகளை சின்ன மைதானத்துலயே ஓட்டுறாங்க. அங்கே ஏ வட்டம் சரியா எக்ஸைத் தொடும், பிள்ளைங்களுக்குப் புரிய வைக்கிறதும் சுலபம்.

நடுவர்_பெட்டி | புதன், இரவு 8:02

குளம்படி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா அக்காவோட பிள்ளைங்க 60லதான் போட்டி போடுறாங்க, அதனால 60லதான் பழகணும். சின்ன மைதானத்துல நீளப் பக்கத்துல எழுத்துக்கு எழுத்து 12 இல்லை, 14. வளைவுகளும் மாறும். மூணு வளைவு பாம்பு நடையை (ஒரு குட்டைப் பக்கத்துலேருந்து எதிர்ப்பக்கம் வரை வளைஞ்சு வளைஞ்சு போறது) எடுத்துக்கங்க. 60ல ஒவ்வொரு வளைவும் 20 மீட்டர், அழகா அரைவட்டமா விழும். 40ல அதே மூணு வளைவுக்கு 13.3 மீட்டர்தான் கிடைக்கும். இளங்குதிரைக்கு அது ரொம்ப நெருக்கம். 40ல பழகி 60க்குப் போறவங்க பாதி பேர் மூணாவது வளைவுல தொலைஞ்சு போறதை நான் பெட்டியிலிருந்து பார்த்திருக்கேன்.

அதோட சி பெட்டியிலிருந்து எப்படித் தெரியும்னு சொல்லணும். நாங்க சி-க்குப் பின்னாடி வேலியிலிருந்து 3 முதல் 5 மீட்டர்ல, கொஞ்சம் உயரமா உட்காருவோம். ஏ-யில நுழையுற குதிரை நடுக்கோட்டுல நேரா எங்களைப் பார்த்து வரும். அரை அடி விலகினாலும் தெரியும். குதிரையோட பின்னங்கால் ரெண்டும் முன்னங்காலுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கணும். ஒரு பக்கம் எட்டிப் பார்த்தா கோணல்னு அர்த்தம். ஆனா எக்ஸ்ல நின்னாங்களா, ஒரு மீட்டர் முன்னாடி நின்னாங்களாங்கிறது எங்களுக்குச் சரியாத் தெரியாது. அது ஈயிலயும் பாம்பே-பியிலயும் இருக்குற நடுவர்களுக்குத்தான் தெரியும். ஒரே ஹால்ட்டுக்கு (குதிரையை அசையாம நிறுத்துறதுக்கு) சியில 7, ஈயில 5.5 வர்றது இதனாலதான். பெற்றோர் நிறைய பேர் வந்து சண்டை போடுவாங்க. பாரபட்சம் இல்லைங்க, உட்கார்ந்த இடம் வேற.

பிள்ளைங்களுக்கு இதையும் சொல்லுங்க: எழுத்துல செய்யணும்னா குதிரை மூக்கு எழுத்துக்கு வரும்போது இல்லை, ஓட்டுறவர் உடம்பு எழுத்துக்கு நேரா வரும்போது. குறுக்குக் கோட்டுல இருந்தோ நேர்குத்தாவோ வேலி எழுத்துக்கு வந்து நடை மாத்தினா மட்டும், குதிரை மூக்கு வேலியோரத் தடத்தைத் தொடும்போது.

தென்னந்தோப்பு | வியாழன், இரவு 9:30

அளந்தாச்சு. மூலைவிட்டம் ஒண்ணு 63.72, இன்னொண்ணு 62.77. தம்பி சொன்ன மாதிரியே சாய்ஞ்சிருக்கு.

கொத்தனார்_மகன் | வியாழன், இரவு 9:44

கணக்குப் போட்டேன். ஒரு நீளப் பக்கம் அப்படியே அரை மீட்டர் முன்னாடி நழுவியிருக்கு. அந்தப் பக்கத்து ரெண்டு மூலையையும் அரை மீட்டர் பின்னாடி இழுங்க, சரியாயிடும். சிரமமான வேலை இல்லை.

மட்டமும் பார்த்துடுங்களேன். டியூப்ல தண்ணி ஊத்திப் பார்க்குற மட்டம் போதும்.

ரைன்கரை | வெள்ளி, அதிகாலை 3:20

மட்டத்துக்கு விதியே இருக்கு. நீளவாட்டுலயும் மூலைவிட்டத்துலயும் ஏற்ற இறக்கம் 60 சென்டிமீட்டருக்கு மேல கூடாது, குட்டைப் பக்கத்துல 20 சென்டிமீட்டருக்கு மேல கூடாது. வேலி சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை. குதிரையோட குளம்பு உள்ளே போய் மாட்டிக்காத மாதிரி இருக்கணும். எழுத்துப் பலகை வேலியை ஒட்டி இல்லை, வெளியே அரை மீட்டர் தள்ளி. அதுக்கு நேரா வேலி மேலயே ஒரு அடையாளமும் வேணும். பலகை தள்ளி இருக்குறதால சாய்வாப் பார்த்தா இடம் மாறித் தெரியும், வேலியில இருக்குற கோடு ஏமாத்தாது.

அக்கா, வேலிக்குச் சங்கிலியோ கம்பியோ கட்டியிருந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. இங்க சங்கத்துல ஒரு தடவை கால் மாட்டிப் பார்த்தேன். அந்தக் குதிரை கத்தினது இன்னும் காதுல இருக்கு.

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு 8:15

சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு ஆரம்பிச்சோம். பிள்ளைங்க பதினாலு பேரும் வந்துட்டாங்க, அப்பா அம்மாவோட. தேங்காய் நார்க்கயிறு ஒரு பக்கம், சுண்ணாம்பு வாளி ஒரு பக்கம், ஊர்ல கபடிக்குக் கோடு போடுற மாதிரி ஒரே களேபரம். பழைய முளையெல்லாம் பிடுங்கிட்டு 15, 20, 25 போட்டோம். ரெண்டு டேப்பும் சேருற இடத்துல எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு முளை அடிக்கிறப்ப யாருமே பேசலை.

மூலைவிட்டம் 63.25, 63.27. கேயிலிருந்து எம் 52.01. எஃப்பிலிருந்து எச் 52.00. தம்பி, அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு பையன் கத்தின கத்துல தோப்புல இருந்த மயிலெல்லாம் பறந்துடுச்சு.

மட்டம் நீளவாட்டுல 34 சென்டிமீட்டர், குட்டைப் பக்கம் 11. எஃப் மூலையில மட்டும் தண்ணி தேங்குது, ஐப்பசி மழைக்கு முன்னாடி அங்கே ஒரு வாய்க்கால் வெட்டணும். வேலியில கே-க்கும் வி-க்கும் நடுவுல சங்கிலி இருந்தது உண்மைதான். எடுத்தாச்சு, இப்ப முழுக்க பிவிசி பைப், தட்டினா விழுற மாதிரி.

சாயந்திரம் மணலை வாரி விட்டு, தண்ணி தெளிச்சு, போட்டியில 4 வாங்கின பொண்ணை மட்டும் மேகம்ங்கிற எங்க பெட்டைக் குதிரையில ஏத்தி விட்டோம். எல், ஐ ரெண்டு புள்ளியையும் மறந்துடு, எக்ஸ்லேருந்து எல்லாப் பக்கமும் பத்து மீட்டர்னு மட்டும் சொன்னேன். முதல் சுத்துல பழக்கதோஷத்துல மேகம் எல் பக்கமா இழுத்துச்சு. பொண்ணு வெளிக்காலை லேசா வச்சு உள்ளே கூட்டிட்டு வந்துட்டா. ரெண்டாவது சுத்து முடிஞ்சதும் நிறுத்தச் சொல்லி, ஈர மணல்ல விழுந்த குளம்புத் தடத்தை டேப் வச்சு அளந்தோம். குறுக்கே 19.6. நீளவாட்டுல 20.1.

பொண்ணு குதிரை மேல இருந்தபடியே கேட்டா, "அப்ப நான் அன்னைக்கு நல்லாத்தான் ஓட்டினேனா மேடம்?" ஆமான்னு சொன்னேன். மத்த ரெண்டு பிள்ளைங்க வீட்டுக்கும் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்தேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. சியிலிருந்து பார்க்கணும்னா எவ்வளவு உயரத்துல உட்காரணும்?

நடுவர்_பெட்டி | ஞாயிறு, இரவு 8:40

அரை மீட்டர் மேடை போதும் அக்கா. டிராக்டர் டிரெய்லர் இருந்தா அதையே நிறுத்திக்கங்க, ஆனா சரியா நடுக்கோட்டுக்கு நேரா. எச்லயும் எம்லயும் இன்னும் ரெண்டு நாற்காலி போடணும்னா நீளப் பக்கத்துக் கோட்டை நீட்டி அதுலேருந்து 2.5 மீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்க. பிள்ளைங்களை மாத்தி மாத்தி உட்கார வைங்க. ஓட்டுறதுக்குச் சமமா அதுல கத்துக்குவாங்க.

தென்னந்தோப்பு | ஞாயிறு, இரவு 8:52

டிரெய்லர் இருக்கு. நாளைக்குக் காலையில தேங்காய் இறக்கினதும் சி-க்குக் கொண்டு போயிடுறேன்.